அவளே தூக்கிட்டு வந்துட்டா

சளி, சிறுநீர், மலம், சீழ். ஒன்பது வருடமாக என் கைக்கு வருவது இவைதான். ஹைதராபாத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் கிருமி பார்க்கிற வேலை எனக்கு. புதிதாகச் சேரும் பிள்ளைகள் டப்பா மூடியைத் திறந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவார்கள். நான் கையைக் கழுவிவிட்டுப் பக்கத்து அறையில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவேன். அதனால் எனக்கு அருவருப்பே கிடையாது என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். யார் சொன்னது? எனக்கு மனுசர்களைப் பார்த்தால்தான் குமட்டும். ஏழு மாதக் கைப்பிள்ளையோடு, ஒரு ஸ்ட்ரோலரையும் தள்ளிக்கொண்டு, மதுரையிலிருந்து தனியாக விமானம் ஏறினேனே, அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க அப்படித்தான் இருந்தது.

ஏன் தனியாகப் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லும்போதே எரிச்சல் வரும், பரவாயில்லை.

பிரசவத்துக்குத் திருநகரில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். ஆறு மாத லீவும் முடிந்து, கெஞ்சி வாங்கின ஏழாவது மாதமும் முடிந்துவிட்டது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குள் நான் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் என் இடத்தில் தற்காலிகமாக வேலை பார்க்கும் பெண்ணுக்கே அந்த வேலையைக் கொடுத்துவிடுவதாக எங்கள் மேடம் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எத்தனை நாளைக்குத்தான் அவரும் காத்திருப்பார்? ஆனால் அந்த வேலையை விட்டால் என் வயதுக்கு, கைப்பிள்ளையோடு, இன்னொரு இடம் கிடைக்காது. திருவாதவூர்ப் பக்கம் அடுத்தவன் வயலில் நாற்று நட்ட குடும்பம் எங்களுடையது. அப்பா படித்து கிளார்க் ஆனார். அந்தக் குடும்பத்தில் படித்து வேலைக்குப் போன முதல் பெண் நான்தான். அது என் வேலை. அதை நான் விடுவதாக இல்லை.

இதற்குக் குறுக்கே வந்து நின்றது ஒரு முறை. எங்கள் பக்கம் தலைப்பிள்ளை பிறந்தால், ஒற்றைப்படை மாதத்தில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஐந்து பேரோ ஏழு பேரோ வந்து, விருந்து சாப்பிட்டு, தாயையும் பிள்ளையையும் அழைத்துப்போக வேண்டும். அழகர்கோவில் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிற என் மாமியார் வீட்டில் அப்படியே தலைகீழ். பெண் வீட்டார்தான் ஐந்து பேரோடு போய்ப் பிள்ளையை விட்டுவிட்டு வர வேண்டுமாம். முப்பது கிலோமீட்டருக்குள் இரண்டு விதமான முறை! மூன்றாம் மாதம் பேசினார்கள். ஐந்தாம் மாதம் பேசினார்கள். ஏழாம் மாதம் வந்தபோது பேச்சே நின்றுபோயிருந்தது.

"நம்மள இத்தனை நாளா எவனும் முறையா மதிச்சதில்லம்மா. சம்பந்தகாரங்களாச்சும் மதிக்கட்டும். அவங்க வரட்டும், அனுப்புறேன்" என்றார் அப்பா. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதே அப்பா, திங்கட்கிழமை நான் வேலையில் சேராவிட்டால் என்ன ஆகும் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

மாமியார் போனில் சொன்னார்: "எங்க ஊர்ல அப்பிடிப் பழக்கமில்ல. வேணும்னா கொண்டாந்து விடுங்க, வேணாட்டி வச்சுக்கங்க." என் பிள்ளை என்ன, கடன் வாங்கின இட்லிக் கொப்பரையா, கொண்டுவந்து விடுவதற்கும் வைத்துக்கொள்வதற்கும்?

ஹைதராபாத்தில் இருந்த என் வீட்டுக்காரரைக் கேட்டேன். "பெரியவங்க பேசிக்கிட்டிருக்காங்கல்ல, நடுவுல நான் வந்தா நல்லா இருக்காது" என்றார். ஏழு மாதத்தில் பிள்ளையைப் பார்க்க இரண்டே முறை வந்தவர் அவர். கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கலாம். இருந்தும் இரண்டே முறை. பகலில் பிள்ளையை விடுவதற்கு ஒரு கிரெச்சில் பேர் கொடுத்துவிட்டதாக மட்டும் சொல்லியிருந்தார்.

கடைசியில் நானே டிக்கெட் போட்டேன். துணைக்கு அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா வந்தால் பெண் வீட்டார் கொண்டுபோய் விட்டதாக ஆகிவிடுமாம். வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் வந்து கூட்டிப்போனால் மாப்பிள்ளை வீட்டார் இறங்கி வந்ததாக ஆகிவிடுமாம். விமான நிலைய வாசல் வரைக்குமாவது யாராவது வாருங்கள் என்றேன். அப்பா செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அம்மா கேட்டோடு நின்றுவிட்டாள். இத்தனைக்கும் எங்கள் வீட்டிலிருந்து விமான நிலையம் அரை மணி நேரப் பாதைதான்.

ஸ்ட்ரோலர் என்னோடு வேலை பார்க்கும் பெண்கள் சேர்ந்து வாங்கி அனுப்பியது. அதை வாடகைக் காரில் ஏற்றும்போது எதிர்வீட்டு அக்கா வேடிக்கை பார்த்தபடி, "பிள்ளையத் தூக்க இடுப்பு இல்லையாக்கும்? இம்புட்டுப் பெரிய தள்ளுவண்டி!" என்றார். ஒரு கையில் பிள்ளை, தோளில் இரண்டு பை, மறு கையில் மடங்க மறுக்கும் வண்டி. டிரைவர் அண்ணன்தான் இறங்கி வந்து, "குடுங்கம்மா" என்று வாங்கி உள்ளே வைத்தார். அன்றைக்கு முழுக்க எனக்குக் கிடைத்த ஒரே உதவி அதுதான்.

விமான நிலையத்தில் நுழைந்ததிலிருந்து ஒரே கேள்வி. "தனியாவா போறீங்க? வீட்டுக்காரர் வரலையா?" வரிசையில் முன்னால் நின்றவர் கேட்டார். பின்னால் நின்றவர் கேட்டார். கழிவறை வாசலில் ஒரு அம்மா கேட்டார். கேட்டுவிட்டு, ஐயோ பாவம் என்று ஒரு உச்சுக்கொட்டு. பிள்ளைக்குத் தொப்பி போடவில்லையா, காதில் பஞ்சு வைக்கவில்லையா, பால் கொடுத்தாயா என்று அறிவுரை சொல்ல அம்புட்டுப் பேர். என் தோளிலிருந்து பை நழுவி விழுந்தபோது எடுத்துக்கொடுக்க ஒரு ஆள் இல்லை. எல்லோருடைய கையும் போனில் இருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு, விழுந்த பையைக் காலாலேயே தள்ளிக்கொண்டு போனேன்.

பாதுகாப்புச் சோதனையில் என்னைப் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஸ்ட்ரோலரை இயந்திரத்துக்குள் விட்டார்கள். அது உள்ளே போனது, வெளியே வரவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் அதிகாரி கையை உயர்த்தினார். இன்னொருவர் வந்து பார்த்தார். மூன்றாவதாக ஒருவரும் வந்தார். ஸ்ட்ரோலரைத் தனியே எடுத்து வைத்து, மெத்தையை உருவி, அடியில் இருந்த கம்பியில் மஞ்சள் துணியால் சுற்றிக் கட்டியிருந்த ஒன்றை அவிழ்த்தார்கள்.

பாக்குவெட்டி.

அதிகாரிக்கு இந்திதான் தெரிந்தது. விமான நிறுவனத்துச் சின்னப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டார்கள். அவள் வந்து கேட்டாள்.

"இது என்னது, அக்கா?"

"பாக்குவெட்டி."

"நீங்க பாக்குப் போடுவீங்களா?"

"நான் போட மாட்டேன்."

"பெறகு? பாப்பாவா போடுது?"

அவள் கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். கைப்பிள்ளை இருக்கும் இடத்தில் ஒரு துண்டு இரும்பு இருக்க வேண்டும், இருந்தால் காத்துக்கருப்பு அண்டாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பிறந்த நாளிலிருந்து அந்தப் பாக்குவெட்டி என் மகளின் தொட்டிலுக்கு அடியில்தான் கிடந்தது. ஆகாயத்தில் போகிற பிள்ளைக்கு அது இன்னும் அவசியம் என்று அம்மா நினைத்துவிட்டாள். என்னிடம் சொன்னால் எடுத்துவிடுவேன் என்று, சொல்லாமல் கட்டிவிட்டாள். இதையெல்லாம் இந்தியில் எப்படிச் சொல்வது? அந்தப் பெண் ஏதோ சொன்னாள். மூன்று அதிகாரிகளும் என்னைப் பார்த்தார்கள், பிள்ளையைப் பார்த்தார்கள், பாக்குவெட்டியைப் பார்த்தார்கள்.

அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ஆத்தி! அத வெளிய எடுத்துட்டாங்களா? எடுக்க விடாதடி, பிள்ளைக்கு ஆகாது! பிள்ளைக்கு வச்சதுன்னு அவங்ககிட்டச் சொல்லு."

"நீயே வந்து சொல்லு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. கூட வர இரண்டு வீட்டிலுமாகப் பத்துப் பதினைந்து பேர் இருக்கிறார்கள். ஒருவரும் வரவில்லை. அத்தனை பேருக்கும் பதிலாக எனக்குத் துணையாக ஒரு இரும்பை அனுப்பி வைத்திருக்கிறார்கள். தூ என்று துப்ப வேண்டும்போல இருந்தது. பளபளவென்று துடைத்த தரை, துப்பவும் முடியவில்லை.

வழியனுப்ப வந்தவர்கள் வெளியே இருந்தால் அவர்களிடம் கொடுத்துவிடலாம், இல்லாவிட்டால் கொண்டுபோகக் கூடாததைப் போடுகிற பெட்டியில் போட்டுவிட வேண்டும் என்றார்கள். யாரும் வரவில்லை என்று சொல்லி நானே பெட்டியில் போட்டேன். அதோடு விடவில்லை. வண்டியின் ஒவ்வொரு இணைப்பையும் தடவி, சக்கரத்தைச் சுழற்றி, பைகள் இரண்டையும் கொட்டிப் பார்த்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. சந்தேகப்பட்டதை எடுத்து வைத்துப் பார்ப்பதுதான் என் வேலையும். ஆனால் மேசையில் பிள்ளையின் துணிகளும் டயப்பரும் பால் பாட்டிலும் என் உள்ளாடையும் பரந்து கிடக்க, என் பெயரைச் சொல்லிக் கடைசி அழைப்பு கொடுத்தார்கள். இந்த விமானம் போனால் திங்கட்கிழமை எட்டு மணிக்கு முன்னால் வேறு விமானம் கிடையாது. கிடைத்ததைக் கிடைத்த பையில் திணித்துக்கொண்டு ஓடினேன். பிள்ளை வீறிட்டது.

சின்ன விமானம். படிக்கட்டுக்குக் கீழே ஸ்ட்ரோலரை மடித்துக் கொடுக்க வேண்டும். ஒரே கையால் மடிக்கலாம் என்று அட்டைப்பெட்டியில் படம் போட்டிருந்தது. எந்தப் பாவி போட்டானோ! பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முழங்காலால் அழுத்தினேன், பாதத்தால் மிதித்தேன். என்னோடு கடைசிப் பேருந்தில் வந்து பின்னால் நின்ற ஒருவர், "சீக்கிரம்மா, வெயில் கொல்லுது" என்றார். இன்னொருவர் போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். "அண்ணே, படம் எடுக்குற கையால இதப் பிடிக்கக் கூடாதா?" என்று கேட்டேன். அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படியேறிப் போய்விட்டார். விமானத்தின் கீழே நின்ற மூட்டை தூக்குகிற ஆள் கடைசியில் வண்டியை மடக்காமலேயே பிடுங்கிக்கொண்டு போனார்.

விமானம் மேலே ஏறத் தொடங்கியதும் என் மகள் வயிற்றைக் காலி செய்தாள். டயப்பரைத் தாண்டி, முதுகு வரைக்கும், என் மடி வரைக்கும். பெல்ட்டைக் கழற்றக் கூடாது என்கிற விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார்.

"ஸ்மெல் வருது."

"வரும் சார். பிள்ளை வெளிக்கு இருந்திருக்கு."

"இப்பிடிப் பிள்ளைய வச்சுக்கிட்டு எதுக்கு பிளைட்டுல வர்றீங்க?"

அந்த ஆள் உட்கார்ந்ததுமே ஷூவையும் சாக்ஸையும் கழற்றிப் போட்டிருந்தார். அந்த நாற்றம் எனக்குத் தெரியும். என் மேசைக்கு வருகிறதில் அதற்கு ஈடாக நாறுகிற சாம்பிள் குறைவு. "முதல்ல நீங்க சாக்ஸப் போடுங்க சார், பெறகு பேசுவோம்" என்றேன். அவர் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு வேறு இருக்கை கேட்டார். இல்லை என்றார்கள். வழி முழுவதும் என் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டே வந்தார். காலைக் கடைசி வரை மூடவில்லை.

விளக்கு அணைந்ததும் கழிவறைக்குப் போனேன். கருமம், கருமம். எனக்கு முன்னால் போன மகராசன் நின்றபடியே பெய்து, மூடி, விளிம்பு, தரை என்று எல்லா இடத்தையும் நனைத்திருந்தான். பிள்ளையைப் படுக்கவைக்க ஒரு சாண் இடமில்லை. லேபில் இதைவிட மோசமானதை ஆயிரம் முறை தொட்டிருக்கிறேன், ஆனால் அது நோயாளியுடையது. அவன் ஒரு டப்பாவில் பிடித்து, மூடி போட்டு, வெட்கத்தோடு நீட்டுவான். இது திமிர். தனக்குப் பிறகு ஒரு மனுசி வருவாள் என்கிற நினைப்பே இல்லாத திமிர். ஊரார் மூத்திரத்தைத் துடைத்துவிட்டு, மூடியில் உட்கார்ந்து, மடியில் வைத்தே பிள்ளையைக் கழுவித் துடைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தாள். அன்றைக்கு நான் பார்த்ததிலேயே சுத்தமான ஆள் அவள்தான்.

ஹைதராபாத்தில் இறங்கியபோது என் சுரிதார் முழுக்க மஞ்சள் கறை. பெட்டிகள் வருகிற இடத்தில் ஸ்ட்ரோலர் தலைகீழாக வந்து சேர்ந்தது, ஒரு சக்கரம் சுற்றவில்லை. அதை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். ஓடிவந்து பிள்ளையை வாங்குவார் என்று நினைத்தேன். முதலில் போனை எடுத்தார்.

"அப்பிடியே நில்லு, ஒரு போட்டோ. அம்மா கேட்டாங்க."

படம் போன கையோடு மாமியார் கூப்பிட்டார். இவர் ஸ்பீக்கரில் போட்டார். என்னிடம் பேசுவதற்கு அல்ல. அந்தப் பக்கம் யாரிடமோ மாமியார் சொல்லிக்கொண்டிருந்தார்: "பாத்தியா, நான் சொன்னேன்ல! எவனும் போய்க் கூப்பிடல. அவளே தூக்கிட்டு வந்துட்டா."

நான் வேலைக்காகக் கிளம்பி வந்தது அந்த ஊரில் மாமியாருடைய வெற்றியாகிவிட்டது. அப்பா கேட்டால் தாங்க மாட்டார். எனக்கே காது கூசியது.

காரில் பிள்ளை என் மடியில் தூங்கிவிட்டாள். கொஞ்ச தூரம் வந்ததும் அவர் சாலையைப் பார்த்தபடி சொன்னார்.

"நாளைக்கு லேபுக்குன்னு அவசரமாக் கிளம்ப வேணாம். மேடத்துக்கிட்ட நான் வெள்ளிக்கிழமையே பேசிட்டேன். பாப்பாவுக்கு ஒரு வயசு ஆகுற வரைக்கும் நீ வரலன்னு சொல்லிட்டேன்."

"கிரெச்சுல பேர் குடுத்துட்டேன்னு சொன்னீங்க?"

"குடுக்கல. பிள்ளைய அங்க விடுறதுல அம்மாவுக்கு இஷ்டமில்ல."

"வெள்ளிக்கிழமையே பேசுனத எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ கிளம்பியிருக்க மாட்டேல்ல?"

சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். ஏதோ கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டது போல. சீ என்றிருந்தது. காலையிலிருந்து பார்த்த மூத்திரமும் சாக்ஸும் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. நிஜமாகவே வாந்தி எதுக்களித்தது. கண்ணாடியை இறக்கி வெளிக்காற்றைக் கொஞ்ச நேரம் இழுத்தேன். பிறகு போனை எடுத்து, அவர் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு, மேடத்தைக் கூப்பிட்டேன்.

"மேடம், என் வீட்டுக்காரர் லீவு கேட்டாராமே, அது எனக்கில்லை. அவருக்கு. பிள்ளையை அவர் பார்த்துக்கொள்கிறார். நான் நாளைக்கு எட்டு மணிக்கு வருகிறேன்."

தற்காலிகமாக இருக்கிற பெண்ணுக்கான வேலைக் கடிதம் கையெழுத்தாகி மேசையில் இருக்கிறது, காலையில் கொடுப்பதாக இருந்தேன், எட்டு மணி தாண்டினால் கொடுத்துவிடுவேன் என்றார் மேடம். எட்டுக்கு முன்னாலேயே வருவேன் என்றேன்.

"என்ன நீ பாட்டுக்குச் சொல்ற? எனக்கு நாளைக்கு மீட்டிங் இருக்கு" என்றார் இவர்.

"இருக்கட்டும். வீட்டுல இருந்தே பேசுங்க."

"அம்மாகிட்ட நான் என்னத்தச் சொல்றது?"

"பிள்ளைய நீங்க பாத்துக்கிறீங்கன்னு சொல்லுங்க. சந்தோசப்படுவாங்க."

மறுநாள் எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கையெழுத்துப் போட்டேன். என் இடத்தில் இருந்த பெண் தன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அவளை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பத்து மணிக்குள் வீட்டுக்காரர் மூன்று முறை போனில் கூப்பிட்டார். பால் எம்புட்டு ஊற்றணும் என்று ஒரு முறை, டயப்பரில் எது முன்பக்கம் என்று ஒரு முறை. மூன்றாவது முறை பின்னால் பிள்ளை அலறிக்கொண்டிருந்தது.

"என்னையப் பாத்தாலே அழுறா. நான் யாருன்னு அவளுக்குத் தெரியல" என்றார். குரல் உடைந்திருந்தது.

பாவமாகத்தான் இருந்தது. அந்தப் பரிதாபத்தைவிட அருவருப்பு பெரிதாக இருந்தது.

"தெரிஞ்சுக்குவா. வீட்டுல இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.